கோர்ட்டில் கிடைத்த குழந்தையை அவன் ஏன் திருப்பிக் கொடுத்தான்?

மேடம் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 26. கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன், பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன். என் அம்மாவுக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்ததிலிருந்து அறிவு வளர்ச்சியில் குறைபாடு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது, மணி பார்க்கத் தெரியாது, ஐம்பது ரூபாய்க்கு மேல் போனால் சில்லறைக் கணக்கு குழம்பிவிடும். ஆனால் சமைப்பார், துவைப்பார்; என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கைப்பிடித்து அழைத்துப்போனவரும் அவர்தான். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை செய்தவர். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது காலமாகிவிட்டார். அதன்பின் ஆயாவும் மாமாவும் அம்மாவோடு சேர்ந்து என்னை வளர்த்தார்கள். ஆயாவும் மூன்று வருடங்களுக்கு முன் போய்விட்டார்.

எனக்கு இப்போது திருவொற்றியூரில் சம்பந்தம் முடிவாகியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது டிவியில் 'தெய்வத் திருமகள்' ஓடியது. எல்லோரும் அழுதார்கள். படம் முடிந்ததும் என் வருங்கால மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவும் இப்படித்தானேம்மா, தெய்வக் குழந்தை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஏனோ கோபம் வந்தது. கிளம்பும்போது அவருடைய மகன் என்னைத் தனியே அழைத்து, "கல்யாணத்துக்கு அப்புறம் அத்தைய உங்க மாமா வீட்லயே வெச்சுப்பாங்கல்ல?" என்று கேட்டார். அம்மாவோ திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில், "கோர்ட்டுலதான் புள்ளைய குடுத்துட்டாங்களே, அப்புறம் அவனே ஏன் திருப்பிக் குடுத்துட்டான்?" என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

ஊரே கொண்டாடிய ஒரு படத்தைப் பார்த்து நான் கோபப்பட்டது தவறா? இப்படிப்பட்ட பெற்றோரைச் சினிமா ஏன் எப்போதும் இப்படியே காட்டுகிறது? அந்த வீட்டாருக்கு நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

— ஒரு மகள், கொருக்குப்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுடைய மூன்று கேள்விகளுக்கும் என்னால் இயன்றவரை பதில் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்துக்குள் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது, உங்கள் அம்மா ஆட்டோவில் கேட்டது, அது மற்ற மூன்றையும்விடக் கூர்மையானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவுசார் குறைபாடுள்ளவர்களோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் பெரம்பூரில் இருபத்து நான்கு ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராக வேலை செய்துவருகிறேன். 2011இல் அந்தப் படம் வெளிவந்ததிலிருந்து அதைப் பற்றி என்னிடம் பேசியவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களில் பலரும் விக்ரமின் நடிப்பைப் பற்றியும் தாங்கள் விட்ட கண்ணீரைப் பற்றியும் பேசினார்களே தவிர, கதையின் முடிவைப் பிடித்து நிறுத்தி இப்படி ஒரு கேள்வியைக் கேட்டவர் எவரும் இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் கோபப்பட்டது தவறில்லை. அதே சமயம், அந்தப் படம் செய்த ஒரு நன்மையை நான் மறைக்கக் கூடாது. அதற்கு முன்பு, வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதை வெளியே சொல்லக் கூசிய சில குடும்பங்கள், படம் வந்த பிறகு "அந்தப் படத்துல வர்ற மாதிரி மேடம்" என்று சொல்லிக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள். பெயர் சொல்ல முடியாதிருந்த ஒன்றைச் சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு சொல் கிடைத்திருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சொல்லோடு ஒரு முகமும் நடையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இருபத்தாறு வருடங்கள் நீங்கள் கூடவே இருந்து அறிந்த ஒரு மனுஷியின் முகத்தின்மேல், இரண்டரை மணி நேரம் பார்த்த ஒரு முகத்தை ஒருவர் அன்போடு ஒட்டிவைத்தார். அதனால்தான் உங்களுக்குக் கோபம் வந்தது.

வடசென்னையில் பிறந்தவர்களுக்கு இந்த அனுபவம் வேறு வகையிலும் பழக்கமானதுதான். படத்தில் நம் பகுதி வந்தால் யாராவது ஒருவர் கையில் கத்தி இருக்கும், பின்னால் கானா ஒலிக்கும், கேரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். விடியும் முன்னே காசிமேட்டில் ஏலம் எடுக்கப் போகிறவரும், கணக்கு எழுதப் பாரிமுனைக்குப் போகிற நீங்களும் அந்தப் படங்களில் தேடினாலும் கிடைக்கமாட்டீர்கள். "கொருக்குப்பேட்டையா?" என்று அலுவலகத்தில் எவராவது புருவத்தை உயர்த்தும்போது உங்களுக்கு என்ன தோன்றுமோ, அதற்கு மிக நெருக்கமான ஒன்றுதான் அன்று திருவொற்றியூர் வீட்டில் தோன்றியிருக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு: புருவத்தை உயர்த்துகிறவரிடம் சண்டை போடலாம், கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுகிறவரிடம் போட முடியாது.

இப்போது படத்துக்குள் போவோம். 'தெய்வத் திருமகள்' படத்தில், மாமனார் பிரித்துக்கொண்டுபோன மகளுக்காக வழக்காடும் தகப்பன் கிருஷ்ணாவாக விக்ரம் வருகிறார்; அந்தக் கிருஷ்ணாவுக்கு ஆறு வயதுக் குழந்தையின் மனநிலை என்று சொல்லப்படுகிறது. அதற்கு முன்னோடியான 'ஐ ஆம் சாம்' என்ற 2001ஆம் ஆண்டின் அமெரிக்கப் படத்தில், ஷான் பென் நடித்த சாமுக்கு ஏழு வயதுக் குழந்தையின் அறிவு என்பார்கள். இந்த 'மன வயது' என்ற சொல்லைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு தேர்வில் ஒருவர் எடுக்கும் மதிப்பெண், சராசரியாக எந்த வயதுக் குழந்தை எடுக்கும் மதிப்பெண்ணோடு ஒத்துப்போகிறது என்பதைக் குறிக்கும் கணக்குதான் அது; அந்த மனிதர் யார் என்பதைக் குறிப்பதன்று. உங்கள் அம்மாவுக்குச் சில்லறைக் கணக்கில் ஏழு வயதுக் குழந்தையின் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் எந்த ஏழு வயதுக் குழந்தையும் ஒரு பிரசவத்தைத் தாங்கியதில்லை, கணவனை இடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் மகளைப் பள்ளிக்கு எழுப்பியதில்லை, இருபதாண்டுகளாக அடுப்பில் எவ்வளவு தீ வைத்தால் குழம்பு அடிப்பிடிக்காது என்று கைப்பழக்கத்தில் கற்றதில்லை. இந்தத் துறையில் இன்று நாங்கள் நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.) மட்டும் வைத்து ஒருவரை அளப்பதில்லை. தன்னைப் பேணிக்கொள்வது, பேசுவது, பழகுவது, பணத்தைக் கையாள்வது, ஆபத்தை அறிவது என்று அன்றாட வாழ்வில் எதைத் தானே செய்கிறார், எதற்குத் துணை வேண்டும் என்பதைச் சேர்த்தே பார்க்கிறோம். அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இருப்பது லேசான குறைபாடு. தெருவில் நடந்துபோனால் உங்களால் அடையாளம்கூடக் காண முடியாது. அப்படிப்பட்டவரைத் திரையில் அடையாளம் தெரியும்படி காட்ட வேண்டிய கட்டாயம் நடிகருக்கு வந்துவிடுகிறது, எனவே கழுத்துச் சாய்கிறது, விரல்கள் முறுக்கிக்கொள்கின்றன, பேச்சு மழலையாகிறது. இதில் நடிகரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ('ஐ ஆம் சாம்' படத்தில் சாமின் நண்பர்களாக வருகிறவர்களில் இருவர் உண்மையிலேயே மாற்றுத்திறனாளிகள், அவர்களுடைய நடிப்பில் இருக்கும் அடக்கத்தைக் கதாநாயகனின் நடிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.)

'தெய்வக் குழந்தை' என்ற பேச்சும் இந்த மன வயதிலிருந்து முளைப்பதுதான். குழந்தை என்றால் கள்ளம் கிடையாது, ஆசை கிடையாது, அலுப்புக் கிடையாது. உங்கள் அம்மா உங்களிடம் பொய் சொன்னதில்லையா? பக்கத்து வீட்டம்மாவோடு குழாயடியில் சண்டை போட்டதில்லையா? உங்கள் அப்பாவை அவருக்குப் பிடித்திருந்தது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். தெய்வமாக்கப்பட்டவர் இவற்றில் எதையும் செய்ய முடியாது. செய்துவிட்டால் அதே வாய் அடுத்த நிமிடம் "இதுக்குத்தான் இவங்களுக்கெல்லாம் கல்யாணமே பண்ணக்கூடாதுன்றது" என்று திரும்பிக்கொள்ளும். இரண்டு பேச்சும் வெவ்வேறு திசையில் போவதாகத் தோன்றினாலும், இரண்டிலும் அந்த மனுஷியிடம் எதையும் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது.

சினிமாவில் வரும் இத்தகைய பெற்றோரில் உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவர் ஏன் இல்லை என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? சாம், கிருஷ்ணா, 2013இல் கொரியாவில் பெரும் வெற்றி பெற்ற 'மிராக்கிள் இன் செல் நம்பர் 7' படத்தின் நாயகன் என்று எல்லோரும் தகப்பன்மார்கள், மூவருக்கும் மகள், மூன்று கதையிலும் குழந்தையைப் பெற்றவள் களத்தில் இல்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓர் ஆண் குழந்தைக்குச் சட்டை மாட்டத் தடுமாறினால் அரங்கம் சிரித்துக்கொண்டே உருகும், ஏனென்றால் ஆண் அதைச் செய்வதே பெரிது. அதையே ஒரு பெண் செய்யத் தடுமாறினால் சிரிப்பு வராது, பயம் வரும். அதோடு, அறிவுசார் குறைபாடுள்ள பெண் தாயாகிறாள் என்றவுடன், அவள் உடலைப் பற்றியும் சம்மதத்தைப் பற்றியும் பேச வேண்டிவரும். நம் படங்களில் அத்தகைய பெண்ணின் கர்ப்பம் வன்முறையின் தடயமாக வந்து, அண்ணனோ கதாநாயகனோ பழிவாங்கக் கிளம்புவதற்குக் காரணமாகி, அத்தோடு மறக்கப்படும்.

திரைக்கு வெளியே இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சண்டிகரில் ஓர் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள ஆதரவற்ற இளம்பெண் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்கலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரோ குழந்தை வேண்டும் என்றார். 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல, 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தின்படி இவருடைய சம்மதமின்றி எதையும் செய்ய முடியாது, குழந்தை பெறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று கூறியது. பிறகு வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும், ஒருவரது முழு மனதான சம்மதமின்றி மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. இவ்வளவு இருந்தும், பிரசவ வார்டில் "இவளுக்கு எதுக்கு ரெண்டாவது, கையோட ஆப்பரேஷன் பண்ணிடுங்க" என்று தலைக்குமேல் பேசி முடிக்கப்பட்ட பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய கதையை எடுக்க இன்னும் எவரும் முன்வரவில்லை.

படத்தில் வரும் வழக்கைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. நீங்கள் தினமும் கடந்துபோகும் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே குடும்ப நல நீதிமன்றங்கள் இருக்கின்றன. அங்கே இப்படி ஒரு வழக்கு வந்தால், தகப்பனும் மகளும் கூண்டுக்கும் பெஞ்சுக்கும் இடையே சைகையால் பேசிக்கொள்வதைப் பார்த்து எதிர்க்கட்சி வக்கீல் உருகுவதை வைத்து முடிவாகாது. தகப்பன் உயிரோடிருக்க, தாத்தா குழந்தையை வைத்துக்கொள்ள விரும்பினால் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் அவர்தான் மனுப்போட வேண்டும். குழந்தையின் நலனே முதன்மை என்பது விதி. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆவது பிரிவு, பெற்றோரின் குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 38ஆவது பிரிவில், அறிவுசார் குறைபாடுள்ள பெற்றோரின் குழந்தையைத் தத்துக் கொடுக்கத் தக்கது என்று குழந்தைகள் நலக்குழு அறிவிக்கலாம் என்ற உட்பிரிவு, இன்று எவரும் எழுதக் கூசும் பழைய சொல்லோடு இருக்கிறது. அந்த முரண்பாட்டில் ஒரு நல்ல படத்துக்கான கதை இருக்கிறது; அதில் பாட்டுக்கு இடம் இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

இந்தப் படங்களோடு எனக்குள்ள பெரிய பிணக்கு வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பதை அவை ஒரே ஆள் எழுத வேண்டிய பரீட்சையாக ஆக்கிவிடுகின்றன. ஒரு பக்கம் திறமை, இன்னொரு பக்கம் அன்பு; எது ஜெயிக்கும் என்பதுதான் கதை. நீங்கள் வளர்ந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூட டயரியில் கையெழுத்துப் போட்டது யார்? மாமாவாக இருக்கும். ரேஷன் கடையில் அளவு பார்த்து வாங்கியது ஆயா. பள்ளிக்கு அழைத்துப்போனது அம்மா. உங்களுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் விழித்திருந்தது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும், எந்த மருந்து என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டதும் அவராகவே இருக்கும். பிரிட்டனில் டிம் பூத், வெண்டி பூத் என்ற ஆய்வாளர்கள், இத்தகைய பெற்றோரிடம் வளர்ந்து பெரியவர்களான முப்பது பேரைச் சந்தித்துப் பேசி 1998இல் வெளியிட்ட ஆய்வு என் மேசையில் எப்போதும் இருக்கும். பிள்ளை வளர்க்கும் திறமை ஒரு தனிமனிதரின் தலைக்குள் இருப்பதன்று, அது பலரிடம் பரவியிருப்பது என்ற கருத்தை அவர்கள் முன்வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பட்ட துன்பங்களுக்குப் பெற்றோரின் குறைபாட்டைவிட வறுமையும் அக்கம்பக்கத்தாரின் ஏளனமும் துணையின்மையும்தான் காரணமாக இருந்தன. நம்முடைய ஒண்டுக்குடித்தன வீடுகளில், ஒரு கூடத்தைச் சுற்றி ஆறு குடும்பம் இருக்கும் இடத்தில், இந்தக் கருத்தை விளக்க ஆய்வே தேவைப்படாது.

அன்றாட வேலைகளைச் சினிமா காட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். புளியந்தோப்பிலிருந்து லேசான குறைபாடுள்ள ஓர் இளந்தாய் என்னிடம் வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுப்பது என்பதில் இருமுறை தவறு நேர்ந்து, வீட்டில் குழந்தையைப் பிரித்துவிடலாம் என்று பேச்சு எழுந்திருந்தது. அவருக்கு மில்லி கோடுகளைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். மருந்து ஊற்றும் மூடியில் மருத்துவர் சொன்ன அளவுக்குச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டோம்; குழந்தையின் எடை கூடும்போதெல்லாம் சுகாதார நிலையச் செவிலியர் பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டார்; எத்தனை வேளை என்பதற்குச் சுவரில் சூரியனும் நிலாவும் வரைந்தோம். கனடாவில் மாரிஸ் ஃபெல்ட்மன் என்ற உளவியலாளர் நெடுங்காலமாகச் செய்து காட்டியதும் இதுதான்: வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, படம் வரைந்து, அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் பாத்திரத்திலேயே திரும்பத் திரும்பச் செய்துகாட்டினால் கற்றுக்கொள்கிறார்கள். வகுப்பறையில் உட்காரவைத்து அறிவுரை சொன்னால் கற்பதில்லை. (நாம் மட்டும் கற்கிறோமா என்ன.)

எல்லாக் குடும்பமும் இப்படிச் சீராகிவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கவனிப்பின்றிக் கிடந்த குழந்தைகளை வேறிடம் மாற்றுவதற்கு நானே பரிந்துரைத்ததுண்டு. அவை எளிய முடிவுகளாக இருக்கவில்லை. தாயை ஏமாற்றிப் பணம் பறித்தவர்களும், அவள் வெகுளித்தனத்தைப் பயன்படுத்தி வீட்டுக்குள் நுழைந்தவர்களும் உண்டு. உங்களைப் போன்ற பிள்ளைகள் ஒன்பது, பத்து வயதிலேயே வீட்டின் பெரிய மனுஷியாகிவிடுவதும் உண்டு. 'ஐ ஆம் சாம்' படத்தில் அப்பாவால் படிக்க முடியாத சொல்லைத் தானும் படிக்க மாட்டேன் என்று மகள் அடம்பிடிப்பாள். அரங்கம் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டது, எனக்கு அந்தக் காட்சி வலித்தது. ஏனென்றால் அம்மாவைத் தாண்டிப் போகும் நாள் ஒன்று உண்மையிலேயே வரும், அன்று பெருமையும் குற்ற உணர்வும் ஒன்றாக வரும், பள்ளிக்கூட வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்து ஒளிந்துகொண்ட நாளும் ஒன்று இருக்கும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருந்திருக்கும். அதைச் சொல்வதில் பாவம் ஒன்றுமில்லை. சினிமா இந்தப் பெண்ணை ஏழு வயதில் நிறுத்திவிடுகிறது. கொரியப் படம் மட்டும் அவளை வளர்த்துக் காட்டுகிறது. அங்கேயும், தூக்கிலிடப்பட்ட தகப்பனுக்காக வாதாடும் வக்கீலாகத்தான் அவள் வருகிறாள். தகப்பன் உயிரோடிருந்து, அவருக்கு இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொடுத்து, அவரோடு சண்டையும் போடுகிற மகளாக அவள் வரவேயில்லை.

இனி உங்கள் அம்மாவின் கேள்வி. சாமின் கதை எப்படி முடிகிறது? குழந்தையை வளர்க்கப் பொறுப்பேற்ற பெண்ணே அவளைத் தகப்பனிடம் கூட்டிவந்து, கூட இருந்து உதவ முன்வருகிறாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலான முடிவுதான், ஆனாலும் அதில் இரண்டு கைகள் சேர்கின்றன. அதைத் தழுவி எழுதப்பட்ட நம் படத்தில், வழக்கு தனக்குச் சாதகமாக முடிந்த பிறகும், மகள் பெரிய டாக்டராக வர வேண்டும், அதற்கு வசதியான வீடுதான் சரி என்று கிருஷ்ணாவே அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறான். ஏன் இந்த மாற்றம் என்றால், நமக்குத் தியாகம் பிடிக்கும் என்பதுதான் காரணம். மரியாதை ராமன் கதையில் ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கோருவார்கள். விட்டுக்கொடுக்கிறவளே உண்மையான தாய் என்று தீர்ப்பாகும். ஆனால் மரியாதை ராமன் விட்டுக்கொடுத்தவள் கையில் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இங்கே விட்டுக்கொடுத்தவன் வெறுங்கையோடு நடந்து போகிறான், நாம் கைதட்டுகிறோம். தான் நல்ல தகப்பன் என்பதை அவன் எப்படி நிரூபிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்: தகப்பனாக இருப்பதையே கைவிட்டு. தாத்தா வீட்டார் வாரம் இரண்டு நாள் வந்து பாடம் சொல்லிக்கொடுக்கலாம், பள்ளிக் கட்டணம் கட்டலாம், குழந்தை இரண்டு வீட்டிலும் வளரலாம் என்று அத்தனை பெரிய மனிதர்கள் இருக்கும் கதையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் அம்மாவுக்கு அது உறுத்தியிருக்கிறது, ஏனென்றால் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. உங்கள் அப்பா இறந்தபோது, "புள்ளைய ஹாஸ்டல்ல சேத்துடு" என்று அவரிடம் யாராவது சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. உங்கள் மாமாவைக் கேட்டுப் பாருங்கள்.

திருவொற்றியூர் வீட்டாரிடம் என்ன சொல்வது? அவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அது உங்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியது. மூளைக்காய்ச்சலால் வந்த பாதிப்பு பரம்பரையாக வராது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். நம்பாவிட்டால் உங்கள் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவரைப் பார்க்கலாம். உங்கள் வருங்கால மாமியாரின் கண்ணீரை அவமதிக்க வேண்டாம், அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் "தெய்வக் குழந்தை" என்று அடுத்த முறை சொல்லும்போது, "இல்லைங்க, அவங்க என் அம்மா, நாப்பது அம்பது வயசு ஆளு" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். படத்தைப் பற்றி விவாதிக்க வேண்டாம். படத்தால் உண்டான எண்ணத்தைப் பேச்சு மாற்றுவது அரிது, பழக்கம்தான் மாற்றும். அவர்களை உங்கள் வீட்டுக்கு ஒருநாள் அழையுங்கள். அம்மா எப்போதும் வைப்பதுபோல் மீன் குழம்பு வைக்கட்டும். விருந்தாளிகள் முன்னால் அவரிடம் கேள்வி கேட்டுத் திறமையைக் காட்டவைக்காதீர்கள். உப்புக் கூடினால் கூடட்டும்.

உங்கள் மாப்பிள்ளை கேட்டதற்கு மட்டும் நீங்களாகப் பதில் சொல்லிவிட வேண்டாம். திருமணத்துக்குப் பின் அம்மா எங்கே இருப்பது என்பதை மாமாவும் நீங்களும் அவரும் பேசித் தீர்மானிக்கும் முன், அம்மாவிடம் கேட்க வேண்டும். அவர் பதினெட்டு வயது தாண்டியவர். மாமா வீட்டில் இருப்பதாலேயே மாமா அவருக்குச் சட்டப்படி காப்பாளராகிவிட மாட்டார். வங்கிக் கணக்கு, சொத்து போன்றவற்றுக்குக் காப்பாளர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மற்ற எதற்கும் அவருடைய சொல் போதும். கேட்கும் விதம் முக்கியம். "எங்க இருக்கப் போறம்மா?" என்று மொத்தமாகக் கேட்டால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்து உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார். காலையில் யாரோடு டீ குடிக்கப் பிடிக்கும், எந்தத் தெருவில் தனியாக நடக்கப் பயமில்லை, ராத்திரி யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று துண்டுதுண்டாக, வெவ்வேறு நாளில் கேளுங்கள். முடிந்தால் திருவொற்றியூரில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும்.

அன்று ஆட்டோவில் அவர் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் பதில் சொன்னதாக எழுதவில்லை. அவர் இன்னும் அதை நினைத்துக்கொண்டிருக்கக்கூடும், தன்னையும் அப்படி யாரிடமாவது விட்டுவிடுவார்களோ என்றும் சேர்த்து. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், மற்ற எதையும் செய்யும் முன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்விக்கு உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.